தறி ஓடும்போது கூப்பிடக் கூடாது

கொஞ்சம் நீளமான பதிவு. கை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் என் மகளைக் கழுத்து வலிக்காக டாக்டரிடம் அழைத்துப் போனேன். வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது என்றாள். டாக்டர், "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? மதியம் எப்போ சாப்பிடுவீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் யோசித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கூடவே இருக்கிற எனக்கும் தெரியவில்லை.

அவள் செய்வது ஃப்ரீலான்ஸ் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கம்பெனி வேலையை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். பிறகு கம்பெனியை விட்டுவிட்டு, படங்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில் எழுதிக் கொடுக்கிறாள். நிமிடக் கணக்கில் கூலி. கூலி என்றால் அவளுக்குக் கோபம் வரும். நெசவாளி வீட்டில் பிறந்த எனக்கு வேறு சொல் வாயில் வருவதில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது என் அப்பாவையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரும் ஆயுள் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்தவர்தான்.

நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். நடுக்கூடத்தில் தறிக்குழி. அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அப்பாவுக்கு அதுதான் ஆபீஸ். பட்டும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வரும், சேலை அங்கே போகும். மேற்பார்வை பார்க்க ஆள் கிடையாது, மணி அடிக்க ஆள் கிடையாது. ஆனாலும் அப்பாவின் நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. அது அவருடைய மன உறுதியால் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த ஒழுங்கை அவர் தனியாகச் சுமக்கவில்லை, தெருவே பிடித்துக்கொண்டிருந்தது.

பாவு நீட்டும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். தெரு நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒருவரால் ஆகாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் கை கொடுக்க வேண்டும். நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர் போக வேண்டும். இப்படியிருக்க, விடிந்த பிறகும் யார் தூங்க முடியும்?

பிறகு கோர்வை. சேலை உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்றால் இரண்டையும் பூட்டி நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். ஓரத்து நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். பள்ளிக்கூடம் போவதற்கு முன் கொஞ்சம், வந்த பிறகு விளக்கு வைக்கும்வரை. (வகுப்பில் நான் ஏன் தூங்கும் பிள்ளைகளை அடிப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.) என் பள்ளி நேரம்தான் அப்பாவின் கோர்வை நேரம். மதியம் சாப்பிட்டுவிட்டு வெறுந்தரையில் அரைமணி படுப்பார். அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் அதுவும் விடுமுறை, கூலி இல்லாத விடுமுறை.

இன்னொன்று. தறி ஓடும்போது அப்பாவை யாரும் கூப்பிடக் கூடாது. அம்மா வாசல் நிலையில் நிற்பாள், நாடா நிற்கும்வரை காத்திருந்து, பிறகுதான் "அரிசி தீந்துபோச்சு" என்பாள். தறிச் சத்தம் கேட்டால் வீடே தெரிந்துகொள்ளும், அவர் வேலையில் இருக்கிறார் என்று.

பழம்பெருமை பேசுவதாக நினைக்காதீர்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது வீட்டுக்குக் கரண்ட் வந்தது. தறிக்கு மேலே ஒரு பல்பு. அதுவரை இருட்டினால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் ராத்திரி என்று ஒன்று எங்கள் வீட்டில் இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழிய வேண்டுமே. ஐம்பது வயதுக்குள் அப்பாவுக்கு ஜரிகை இழை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்திலும் ஆலைகள் வருவதற்கு முன் நெசவாளிகளும் செருப்புத் தைப்பவர்களும் வீட்டில்தான் வேலை செய்தார்கள். திங்கட்கிழமை பலர் வேலையைத் தொடவே மாட்டார்கள். அதை ஒரு புனிதரின் திருநாள் மாதிரி 'செயின்ட் மண்டே' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்து ஈடுகட்டுவார்கள். வரலாற்றாசிரியர் இ.பி.தாம்சன் 1967ல் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். தன் நேரம் தன் கையில் இருக்கிற மனிதன் ஒரு மூச்சில் உழைப்பான், பிறகு சும்மா இருப்பான், இரண்டும் மாறி மாறி வரும் என்கிறார். என் மகளை அவர் பார்த்ததே இல்லை!

பிறகு ஆலை வந்தது, மணியும் கடிகாரமும் வந்தன. சில முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்னால் தள்ளி, மாலையில் பின்னால் தள்ளி வேலை வாங்கினார்களாம். அந்தக் கடிகாரத்தோடு தொழிலாளிகள் போராடியதுதான் அடுத்த நூற்றாண்டுக் கதை. நம் சென்னையில் 1918ல் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதும் அவர்கள் குறைகளில் ஒன்று. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல் மே தினம். சட்டமும் மெதுவாக இறங்கி வந்தது. 1911ல் துணி ஆலை ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி, 1922ல் 11, 1934ல் 10, 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 9. வாரம் 48 மணிக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுமுறை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் நடுவில் அரைமணியாவது ஓய்வு. டாக்டர் என் மகளிடம் கேட்ட கேள்விக்கு ஆலைத் தொழிலாளி சார்பில் 1948லேயே சட்டம் பதில் எழுதி வைத்துவிட்டது.

ஆனால் அந்தச் சட்டம் வாசல் பார்த்துதான் உள்ளே வந்தது. மின்சாரத்தில் இயங்கும் இடம் என்றால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. எங்கள் கூடத்தில் இரண்டு பேர், அதில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு. 1966ல் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1996ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து உழைப்பவர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை போட்டது. நம் நாடு அதை இன்னும் ஏற்கவில்லை. சப்டைட்டில் எழுதுகிறவளுக்கு அவள் அம்மா போடுவதுதான் சட்டம்.

அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தேன்? "வீட்லதானே இருக்கே, சிலிண்டர்காரன் வந்தா வாங்கி வெச்சிடு." "வீட்லதானே இருக்கே, அத்தை வராங்க, பேசிட்டு இரு." பகலில் நாங்கள் துண்டு துண்டாக்கிய நேரத்தை அவள் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினிக்குத் தறிச் சத்தம் கிடையாது. அவள் வேலையில் இருப்பது எங்கள் காதில் விழவே இல்லை.

இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். அப்பாவின் பழைய நாடா ஒன்று என்னிடம் இருந்தது. அவள் அறைக் கதவில் ஆணி அடித்தோம். ஒன்பது மணிக்கு நாடா வெளியே தொங்கினால் ஒரு மணிவரை யாரும் கூப்பிடக் கூடாது, சிலிண்டர் என் பொறுப்பு. (எங்க வீட்டுக்காரர் முதல் வாரமே மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று கதவைத் தட்டிவிட்டார்.) ஒரு மணிக்குச் சேர்ந்து சாப்பாடு, பிறகு அரைமணி தரையில் படுக்கை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் கணினியை மூடி என் அலமாரியில் வைத்துவிடுவாள். ராத்திரி வரும் மெயிலுக்குக் காலையில்தான் பதில் என்று எல்லோருக்கும் எழுதிவிட்டாள். ஒரு இடத்தில் மறுபடி வேலை தரவில்லை. முதல் மாதம் வருமானம் குறைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது மாதம் கொஞ்சம் தேறியது.

அமாவாசை விடுமுறை அவளே கேட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவசர வேலை வந்துவிடுகிறதாம். "அமாவாசைன்னு சொன்னா ஃபாரின்காரன் ஏதோ பெரிய பண்டிகைன்னு நெனச்சு சரிங்கிறான்மா" என்கிறாள்.

விரல் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அடுத்த வாரம் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க என்று கேட்டால் பதில் இருக்கிறது.

என் மாணவர்களில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுதினால் டீச்சர் மார்க் குறைப்பேன்.