கிலோவிலிருந்து சென்டிமீட்டருக்கு

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றின் புறப்பாட்டு வாயிலில் ஒரு மூதாட்டியைக் கண்டேன். பைகளை அளப்பதற்கென வைத்திருந்த இரும்புக் கூட்டினுள் அவருடைய பை நுழைய மறுத்தது. சற்றும் தயங்காமல் பையைத் திறந்தவர், இரண்டு கம்பளிச் சட்டைகளை எடுத்து, அணிந்திருந்த உடையின் மேலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டார். பை கூட்டுக்குள் அடங்கிற்று. ஆனால் விமானத்தில் ஏறிய மொத்த எடையில் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. அப்படியானால் அந்தக் கூடு எதைத்தான் அளந்தது? இக்கேள்வி என்னைச் சிறிது வரலாற்றுக்குள் இட்டுச் சென்றது.

தொடக்கத்தில் அளவுகோல் எடையாகவே இருந்தது. விமானப் போக்குவரத்தின் முதல் இருபது ஆண்டுகளில் எஞ்சின்களின் ஆற்றல் குறைவு. ஆகவே பெட்டியோடு பயணியையும் தராசில் ஏற்றும் வழக்கம் இருந்தது. 1929 அக்டோபரில் கையெழுத்தான வார்சா உடன்படிக்கை, பதிவு செய்த சுமை தொலைந்தால் கிலோ ஒன்றுக்கு 250 பிராங்க் என இழப்பீட்டின் உச்சவரம்பை வகுத்தது. இவ்வாறு கிலோ என்பது சட்டத்தின் மொழியிலும் இடம்பிடித்தது. பிற்காலத்தில் சர்வதேசப் பயணங்களில் முதல் வகுப்புக்கு 30 கிலோ, சாதாரண வகுப்புக்கு 20 கிலோ என்ற வழக்கு நிலைபெற்றது. கட்டணங்களை அரசுகளும் நிறுவனங்களின் கூட்டமைப்பும் கூடி நிர்ணயித்த காலம் அது. பெட்டிக்கான விலை பயணச்சீட்டிலேயே அடக்கம்.

அளவுகோல் மாறியதன் வித்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விழுந்தது. 1971 ஜூனில் டல்லாஸ், ஹூஸ்டன், சான் அந்தோனியோ ஆகிய மூன்று நகரங்களுக்கிடையே பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம், அடுத்த ஆண்டே பணமுடையால் தன்னிடமிருந்த நான்கு விமானங்களுள் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களுக்கான கால அட்டவணையை மூன்றைக் கொண்டு நிறைவேற்ற ஒரே வழிதான் இருந்தது. தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடங்களில் மீண்டும் புறப்பட வேண்டும். குறுந்தொலைவு விமானத் தொழிலின் அடிப்படை விதி அந்த நெருக்கடியில் பிறந்தது: தரையில் நிற்கும் விமானம் சம்பாதிப்பதில்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒரு மணி நேரம் தரையில் காத்திருந்தால் வருவாயில் பாதி போயிற்று.

ஐரோப்பாவில் இவ்விதி வேரூன்றச் சட்டம் இடம் தரவேண்டியிருந்தது. 1993 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் சீர்திருத்தத் தொகுப்பு, ஐரோப்பிய நிறுவனங்கள் தாம் விரும்பிய வழித்தடத்தில் தாமே கட்டணம் வகுத்துப் பறக்க வழி செய்தது. 1997 ஏப்ரல் முதல் ஒரு நாட்டு நிறுவனம் மற்றொரு நாட்டின் உள்ளூர்த் தடங்களிலும் பறக்கலாம் என்றாயிற்று. 1985இல் வாட்டர்ஃபோர்டிலிருந்து லண்டன் கேட்விக்குக்குச் சிறு விமானத்துடன் தொடங்கிய அயர்லாந்தின் ரயன்ஏர், சவுத்வெஸ்டின் வழியைக் கற்று 25 நிமிடத் திரும்பலைத் தன் கொள்கையாக்கிற்று. 1995இல் லூட்டனிலிருந்து ஈசிஜெட் புறப்பட்டது.

நிமிடங்களை மிச்சப்படுத்தும் இக்கணக்கே தடங்களையும் மாற்றி எழுதியது. நெரிசல் மிகுந்த பெருநகர நிலையங்களில் ஓடுபாதைக்காகக் காத்திருக்க வேண்டும், கட்டணமும் மிகுதி. ஆளரவமற்ற நிலையங்களில் இரண்டும் குறைவு. எனவே பிராங்க்ஃபர்ட்டுக்குப் போவதாகச் சீட்டு வாங்கியவர்கள், அந்நகரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹான் என்னும் ஊரில் இறங்கினார்கள். அமெரிக்க விமானப்படைத் தளமாக விளங்கிய அவ்விடத்துக்கு 1999இல் ரயன்ஏர் வந்தது. பாரிசுக்குப் போவதென்றால் போவே, பிரஸ்ஸல்சுக்கு ஷார்ல்ரோவா. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நலிந்திருந்த ஷார்ல்ரோவா 2001இல் ரயன்ஏரைச் சலுகைகள் கொடுத்து வரவேற்றது. அச்சலுகைகளில் ஒரு பகுதி முறையற்ற அரசு உதவி என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் அத்தீர்ப்பை நீக்கிற்று. உலக வரைபடத்தில் தம் ஊரின் பெயர் ஏற வேண்டும் என்பதற்காக ஊர்களும் ஒரு வகையில் பயணச்சீட்டு வாங்கின எனலாம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். சரக்கறைக்குச் செல்லும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பதிவு மேசை, ஒரு சீட்டு, ஒரு நகரும் பட்டை, ஏற்றி இறக்க ஆட்கள் என்று செலவு உண்டு, நிமிடங்களும் உண்டு. 2006இல் ரயன்ஏர் சரக்கறைப் பெட்டிக்குத் தனிக் கட்டணம் விதித்தது. பெட்டியில்லாதவர் பெட்டியுள்ளவரின் செலவைச் சுமக்க வேண்டாம் என்ற வாதம் நியாயமாகவே தோன்றியது. 2008இல் அமெரிக்கப் பெருநிறுவனங்களும் முதல் பெட்டிக்கே கட்டணம் பெறலாயின.

மக்கள் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கையோடு மேலே கொண்டுவந்தார்கள். 189 இருக்கைகள் கொண்ட போயிங் 737இன் மேலடுக்குகளில் சக்கரம் வைத்த பெட்டிகள் ஏறத்தாழ தொண்ணூறுதான் அடங்கும். இடம் தேடி அலைந்ததில், மிச்சப்படுத்திய நிமிடங்கள் மீண்டும் வீணாயின. 2018 நவம்பர் முதல் ரயன்ஏர், முன்னுரிமைக் கட்டணம் செலுத்தாதோருக்கு இருக்கையின் அடியில் அடங்கும் 40, 20, 25 சென்டிமீட்டர்ப் பை ஒன்றை மட்டுமே இலவசமாக அனுமதித்தது. அன்று வானில் எழும் ஆற்றல் அரிது, ஆகவே கிலோ. இன்று மேலடுக்கின் இடமும் தரையின் நிமிடமும் அரியவை, ஆகவே சென்டிமீட்டர். மூதாட்டியின் கம்பளிச் சட்டையை யாரும் எடை போடாததன் காரணம் இதுவே.

சட்டம் இம்மாற்றத்தின் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்தது. சரக்கறைப் பெட்டிக்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் நியாயமான எடைக்கும் அளவுக்கும் உட்பட்ட கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் கூறியது. 'நியாயமான அளவு' எது என்பதே பின்னர் போர்க்களமாயிற்று. 2019இல் இத்தாலியின் போட்டி ஆணையம் ரயன்ஏருக்கு 30 லட்சம் யூரோவும் விஸ்ஏருக்கு 10 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்தன. 2025இல் ரயன்ஏர் தன் இலவசப் பையின் அளவை 40, 30, 20 சென்டிமீட்டராகச் சற்றே பெருக்கியது.

பையை அளந்த அதே கணக்கு ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. ஹான் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2021இல் நொடித்துப் போயிற்று. நிலையக் கட்டணங்களைக் காரணம் காட்டி ரயன்ஏர் 2025இல் ஸ்பெயினின் ஹெரெஸ், வல்லடோலிட் நகரங்களைக் கைவிட்டது. ஒரு பருவத்தில் வரைபடத்தில் தோன்றிய ஊர் மறு பருவத்தில் மறைகிறது. விடுதி கட்டியவரும் வாடகை வண்டி வாங்கியவரும் அங்கேயே இருக்கிறார்கள். விமானத்துக்குச் சக்கரங்கள் உண்டு, ஊருக்கு இல்லை.

மலிவு விமானங்களைப் பழித்துரைப்பது என் நோக்கமன்று. பிழைப்புக்காக அயல்நாடு சென்ற எளிய தொழிலாளி ஆண்டுக்கு நான்கு முறை தாயைக் காண முடிந்ததும் இவற்றால்தான். குறைந்த விலை பொய்யல்ல. ஆயினும் அவ்விலையில் விடுபட்ட பகுதியை யாரோ ஒருவர் சுமக்கவே வேண்டியிருக்கிறது. சில வேளை அது ஓர் ஊர். சில வேளை கோடையில் இரண்டு கம்பளிச் சட்டை அணிந்த ஒரு மூதாட்டி.

இவ்வழியைத் தொடங்கி வைத்த சவுத்வெஸ்ட், பிறர் அனைவரும் கட்டணம் வாங்கிய காலத்திலும் இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றிவந்தது. அதையே விளம்பரமாகவும் செய்தது. 2025 மே 28 முதல் பதிவு செய்த சீட்டுகளில், பெரும்பாலான பயணிகளுக்கு அச்சலுகையும் நின்றுபோனது.