பட்டுச் சுருளுக்குள்ள பிளாஸ்டிக்

"பிளாஸ்டிக் பொறுக்கவா அவ்ளோ தூரம் போனே?"ன்னு ஊர்லேர்ந்து போன் பண்ற சித்தப்பா கேக்குறார். ஒரு விதத்துல ஆமாங்க. ஆனா நான் பொறுக்குறது கோப்பிபாட்ங்கிற எள்ளளவு கடல் உயிரியோட வயித்துக்குள்ள. இந்தத் தேடலுக்கு ஒரு பழைய கதை இருக்கு மக்களே.

1972ல எட்வர்ட் கார்பென்டர் சர்காசோ கடல்ல சதுர கிலோமீட்டருக்குச் சராசரியா 3,500 பிளாஸ்டிக் துண்டு மிதக்குதுன்னு 'சயின்ஸ்' இதழ்ல எழுதினார். அதே வருஷம் அவர் குழு அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து கரையோரம் 14 வகை மீன்களைப் பாத்ததுல, 8 வகையில பாலிஸ்டைரீன் உருண்டைகள் இருந்தது. அப்புறம் 30 வருஷம் பெரிசா யாரும் கண்டுக்கல.

2004ல பிளிமத்தின் ரிச்சர்ட் தாம்சன் குழு கையில எடுத்தது பழைய பட்டுச் சுருள்களை! ஆலிஸ்டர் ஹார்டி வடிவமைச்ச ஒரு கருவியை 1931லேர்ந்து சரக்குக் கப்பல்கள் பின்னால கட்டி இழுத்துக்கிட்டு வர்றாங்க. முன்னாடி சின்ன ஓட்டை வழியா தண்ணி நுழையும், உள்ளே மெல்ல நகரும் பட்டுத்துணியில மிதவை உயிரிகள் ஒட்டிக்கும், இன்னொரு பட்டு மேல வந்து மூடிக்கும். மொத்தமும் ஃபார்மலின்ல சுருண்டுடும். மீன்வளத்துக்காகச் செஞ்ச ஏற்பாடு. தாம்சன் குழு 1960கள்லேர்ந்து சேர்ந்த சுருள்களைப் பிரிச்சு, அகச்சிவப்பு ஒளியால துணுக்குகளைச் சோதிச்சது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்த ஒளியை ஒவ்வொரு மாதிரி உறிஞ்சும், கைரேகை மாதிரி. 60, 70கள்ல இருந்ததைவிட 80, 90கள்ல துணுக்கு கூடியிருந்தது. கூடவே கடற்கரை மணல்புழு, கொட்டலசு, சின்ன இறால் போன்ற உயிரிகளுக்குத் தொட்டியில போட்டுப் பாத்தாங்க. சில நாள்லயே தின்னுடுச்சு.

தின்னா என்ன ஆகும்? 2015ல மேத்யூ கோல் குழு, காலனஸ் கோப்பிபாட்களுக்கு மில்லிலிட்டருக்கு 75 பாலிஸ்டைரீன் மணி கொடுத்தது. இரை குறைஞ்சது, முட்டை சின்னதாச்சு, பொரிக்கிறதும் குறைஞ்சது. ஆனா அதே வருஷம் வெளியான வடகிழக்கு பசிபிக் ஆய்வுல, கடல்லேர்ந்து பிடிச்ச 34 கோப்பிபாட்ல ஒண்ணுக்குத்தான் பிளாஸ்டிக்! இந்த இடைவெளியைச் சொல்லாம "கடலே சாகுது"ன்னு தலைப்புப் போடுறவங்க மேல எனக்குக் கடுப்பு. ஸ்வீடன்லேர்ந்து 2016ல வந்த மீன்குஞ்சு ஆய்வு உலகம் பூரா செய்தியாச்சு, மூலத் தரவு இல்லாம 2017ல திரும்பப் பெற வேண்டியதாச்சு.

தேடுறதே லேசுப்பட்ட வேலை இல்லீங்க. நைட்ரிக் அமிலத்துல உயிரியைக் கரைச்சா நைலானும் சேர்ந்து கரையும். அதனால நொதி போட்டுப் பொறுமையா கரைக்கணும். நம்ம சட்டை நூலே காத்துல பறந்து மாதிரிக்குள்ள விழும். அதனால லேப்ல பருத்திதான். பக்கத்துல ஒரு வெறும் தட்டைத் திறந்து வெச்சு, அதுல எத்தனை இழை விழுதுன்னும் எண்ணணும்.

அந்தப் பட்டுக்கு வருவோம். அதோட கண்ணி 270 மைக்ரான். கோப்பிபாட் விழுங்குற அளவோ சில பத்து மைக்ரான், பெரும்பாலும் அந்தச் சல்லடையில நழுவியிருக்கும். அப்போ 1960கள்ல இதுங்க என்ன தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? எனக்கு ஒரு நப்பாசை: அந்தக் காலத்துக் கோப்பிபாட்களே அந்தப் பட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கே, வயித்தோட!