கட்டிலும் கணக்கும்: காசநோய் வைத்தியத்தின் தரம் பற்றிச் சில குறிப்புகள்

ரூ பிலிப்-து-ஜிராரில் தேநீர்க்கடைப் பேச்சு ஊர் வைத்தியசாலைகளின் பக்கம் திரும்பினால் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் போய் நிற்கிறது: காசு சேர்த்து ஒரு விடுதி கட்டுவோம், கட்டில்கள் வாங்குவோம். இந்த நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் கட்டில்களின் தொகைதான் வைத்தியத்தின் தரம் என்று எமக்கு யார் சொல்லித் தந்தது? காசநோயின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

நாம் வாழும் இந்நகரம் ஒருகாலத்தில் இந்நோயை வீடு வீடாக எண்ணியது. 1894இலிருந்து போல் ஜுயெராவின் பொறுப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுகாதாரக் கோவை தயாரிக்கப்பட்டு, காசநோய் மரணங்கள் அதில் பதியப்பட்டன. மரணம் மலிந்த குடியிருப்புத் தொகுதிகள் முதலில் 6 என்றும், பின்னர் 17 என்றும் குறிக்கப்பட்டன. எண்ணப்பட்டது வீடு, ஆகவே பரிகாரமாகச் சொல்லப்பட்டதும் வீட்டை இடிப்பதே. எதை அளக்கிறோமோ அதையே கட்டுகிறோம், அல்லது இடிக்கிறோம்.

காலனித்துவ இந்தியாவில் அளவுகோல் சனற்றோரியமாக இருந்தது. ஓய்வு, நல்ல காற்று, சத்துணவு. 1928இல் டொக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவியது அந்த மரபில் வந்ததே. ஆனால் நோயாளர் தொகை கட்டில்களைப் பன்மடங்கு மீறியது. இந்நிலையில்தான் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வீட்டிலும் மற்றதற்குச் சனற்றோரியத்திலும், ஒரே மருந்துகள் ஓராண்டு கொடுக்கப்பட்டன.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தோர் சனற்றோரியத்தில் 92 வீதம், வீட்டில் 86 வீதம். சனற்றோரியத்தில் உணவும் ஓய்வும் கூடுதலாக இருந்தும் வித்தியாசம் இவ்வளவே. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாரிடையேயும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. சனற்றோரியம் என்ற கோட்பாடே ஆட்டம் கண்டது.

இந்த வெற்றி எப்படி வாசிக்கப்பட்டது என்பதிலேதான் எனது வாதம் தொடங்குகிறது. ‘வைத்தியசாலை தேவையில்லை, மாத்திரை போதும்’ என்பது அவ்வாய்வின் முடிவல்ல. வீட்டு நோயாளர்கள் கிழமைதோறும் நிலையத்துக்கு வந்தனர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகள் எண்ணப்பட்டன. மருந்து உட்கொண்டார்களா என்று சிறுநீர் சோதிக்கப்பட்டது. தரம் இருந்தது அந்த உழைப்பில். முடிவை எடுத்துக்கொண்ட பல இடங்கள் உழைப்பை விட்டுவிட்டன. இடைநடுவில் மருந்தை நிறுத்தியவர்களும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியும் அதன் விளைவுகள்.

நோயாளரைப் போல் நடிக்கப் பயிற்றப்பட்டவர்களை வைத்தியம் செய்வோரிடம் அனுப்பி டெல்லியில் ஓர் ஆய்வு நடந்தது, 2015இல் வெளியானது. 250 சந்திப்புகளில் சரியாகக் கையாளப்பட்டவை ஏறத்தாழ 21 வீதம். கதவும் கதிரையும் இருந்தன. சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இருக்கவில்லை.

அதற்காகக் கட்டிலே வேண்டாமா? வேண்டும், ஆனால் யாருக்கு? 2022இல் தமிழ்நாடு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதற்கு எளிய பதிலை முயன்றது. உடல் மிக மெலிந்தவரா, மூச்சு வேகமா, ஒட்சிசன் குறைவா, பிடியின்றி நிற்க முடியாதவரா என்று நோய் கண்டறிந்தவுடனேயே பார்த்து, ஆபத்திலிருப்பவரை மட்டும் அனுமதிப்பது. காசநோய் மரணங்களில் பெரும்பகுதி முதல் இரு மாதங்களிலேயே நிகழ்வதால் இந்தத் தெரிவு முக்கியமானது. இது சென்னை ஆய்வுக்கு மறுப்பல்ல, அதன் மறுபாதி.

ஆகவே பணம் அனுப்புமுன் நாம் கேட்கவேண்டியவை சில. இருமலுடன் வந்தவருக்கு எத்தனை நாளில் சளி சோதிக்கப்படுகிறது? தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? முதல் இரு மாதங்களில் எத்தனை பேர் இறந்தார்கள்? வராமல் விட்டவரைத் தேடி யார் போனார்கள்? இக்கணக்கை எழுதி வைக்கவும், தேடிப் போகவும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது ஒரு விடுதி கட்டுவதிலும் மலிவு. ஆனால் அதன் வாசலில் உபயகாரர் பெயர் பொறிக்க இடமில்லை. எமது தயக்கம் அங்கேதான் இருக்கிறதோ என்று நான் ஐயுறுகிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதட்டும்.