10 சென்ட் காமிக்ஸ், ஒரு போராட்டத்தின் மேனுவல்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு 16 பக்க காமிக்ஸ் பற்றி. விலை 10 சென்ட். பேரு ‘மார்ட்டின் லூதர் கிங் அண்ட் த மான்ட்கோமரி ஸ்டோரி’. ஃபெலோஷிப் ஆஃப் ரீகன்சிலியேஷன் என்ற அமைதி இயக்கம் 1957 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காமிக்ஸ் படிச்சா பசங்க கெட்டுப்போறாங்களான்னு 1954ல அமெரிக்க செனட்லயே விசாரணை நடந்திருந்தது. மூணே வருஷத்துல, அதே காமிக்ஸைக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பாடப்புத்தகமா மாத்திட்டாங்க. சர்ச், பள்ளி, இயக்கங்கள் வழியா சுமார் 2,50,000 பிரதிகள் போய்ச் சேர்ந்தன.

கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1955 டிசம்பர் 1 அன்று, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதாகிறார். அதன்பின் 381 நாட்கள் மான்ட்கோமரியின் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். ஆனா எனக்கு முக்கியமாப் படுறது கடைசிப் பக்கங்கள். அகிம்சைப் போராட்டத்தை எப்படி நடத்தணும்னு அதுல படிப்படியா இருக்கு. கோட் எழுதுறவனா சொல்றேன், இது பக்கா டாக்குமென்டேஷன். இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம்.

ஓட்டியும் பார்த்தாங்க. நாக்பூரில் மிஷனரியாக இருந்து, காந்திய வழியைக் கற்றுத் திரும்பிய ஜேம்ஸ் லாசன், நாஷ்வில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே இந்த காமிக்ஸும் கைமாறியது. ஒருத்தரை ஒருத்தர் திட்டி, தள்ளி, திருப்பி அடிக்காம இருக்கப் பழகினாங்க. 1960 பிப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டுமேயான உணவு கவுன்டர்களில் போய் உட்கார்ந்தாங்க. மே 10 அன்று நகரின் மையப்பகுதிக் கடைகள் கறுப்பினத்தவருக்கும் பரிமாற ஆரம்பித்தன.

அந்த மாணவர்களில் ஒருத்தர், பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினரான ஜான் லூயிஸ். தன் உதவியாளர் ஆண்ட்ரூ அய்டின், ஓவியர் நேட் பவல் இருவரோடும் சேர்ந்து, தன் வாழ்க்கையையே ‘மார்ச்’ என்று 3 பாக காமிக்ஸாக 2013 முதல் 2016 வரை கொண்டுவந்தார். மூன்றாம் பாகம் நேஷனல் புக் அவார்ட் வாங்கியது. இன்று பல அமெரிக்க வகுப்பறைகளில் அது பாடம்.

சரி, காமிக்ஸைக் கையில கொடுத்துட்டா வரலாறு புரிஞ்சிடுமா? இங்கதான் கவனம் வேணும். 1957 புத்தகத்தின் தலைப்பிலேயே கிங் இருக்கார். ஆனா பார்க்ஸ் கைதான இரவே, பஸ் புறக்கணிப்புக்கான ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை மிமியோகிராஃப் மெஷினில் அச்சடிச்சது ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. கிங் அந்தப் போராட்டத்தின் தலைவரானது டிசம்பர் 5லதான். ஒரு முகத்தைப் பெருசா வரைஞ்சா, மத்த முகங்கள் கட்டத்துக்கு வெளிய போயிடும்.

அதனால வகுப்புல காமிக்ஸையும் அந்தத் துண்டறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, “இந்தக் கட்டத்துல யார் இல்ல?”ன்னு கேட்கணும். கிங் மாதிரி ஒருத்தர் வந்தாத்தான் எல்லாம் மாறும்னு நம்புற பிள்ளை காத்துக்கிட்டே இருக்கும். ராத்திரி முழுக்க நோட்டீஸ் அடிச்ச டீச்சரைத் தெரிஞ்ச பிள்ளை, நாமளும் ஆரம்பிக்கலாம்னு நினைக்கும். அந்தக் கடைசிப் பக்கங்களை எழுதினவங்களும் அதுக்காகத்தானே எழுதினாங்க?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.