பழவேற்காடு: ஏரிக்கரையில் ஒரு பழம்பெரும் பங்கு



சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இரயிலில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆரம்பாக்கம் வரும். அடுத்து ஆந்திர எல்லை. மேற்கே தொழிற்சாலைப் புகைபோக்கிகள். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பு. அதுவே பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் தென்முனையில், பொன்னேரிக்குக் கிழக்கே, மகிமை மாதா திருத்தலம் அமைந்துள்ளது.

போர்த்துக்கீசியர் 1515-ஆம் ஆண்டு அன்னைக்கு இங்கே ஆலயம் எழுப்பினர் என்பது இப்பங்கின் மரபு. அப்போது மயிலாப்பூர் மறைமாவட்டம் இல்லை. கோவா மறைமாவட்டமும் இல்லை. கோவா 1534-இலும், மயிலாப்பூர் 1606-இலும்தான் உருவாயின. இன்று இப்பங்கு, 1952-இல் அமைந்த சென்னை - மயிலை உயர்மறைமாவட்டத்தில் உள்ளது.

பழவேற்காட்டில் நெய்த பருத்தித் துணிக்குக் கீழ்த்திசை நாடுகளில் நல்ல மதிப்பு இருந்தது. அத்துணியைத் தேடி 1610-இல் டச்சுக்காரர் வந்தனர். 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியர் படையெடுத்து வந்து அவர்களது பண்டகசாலையை அழித்தனர். அடுத்த ஆண்டே டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. கிறிஸ்துவின் பெயரைச் சொன்ன இரு நாட்டவர் வாணிபத்திற்காக இக்கரையில் இரத்தம் சிந்தினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் இதுவே. பின்னர் அது நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1824-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது.

இன்று கோட்டை இடிந்து புதர்க்காடாகிவிட்டது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் செதுக்கப்பட்ட இரு எலும்புக்கூடுகள், வருவோருக்கு மரணத்தை நினைவூட்டி நிற்கின்றன. உள்ளே வணிகர்களின் பெயர்கள் கல்லில் அழகாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்டு, இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் மக்களுக்கு ஒரு கல்லும் இல்லை. அவர்களையும் நம் செபத்தில் நினைப்பது தகும் அல்லவா?

இனி ஏரியைப் பார்ப்போம். தெற்கே ஆரணி ஆறும், வடமேற்கே காளாங்கி ஆறும் இதில் நன்னீர் சேர்க்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலைத் தடுத்து நிற்கிறது. பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உள்ளே வந்து போகிறது. இறால் குஞ்சுகள் அவ்வழியே வந்து, ஆழம் குறைந்த ஏரியில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை, நண்டு, இறால் ஆகியவையே மக்களின் சோறு. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாய் வந்து இரை தேடுகின்றன.

மழைக்காலத்தில் வெள்ளம் முகத்துவாரத்தைத் திறந்துவிடும்; கோடையில் மணல் அதனை அடைத்துவிடும். அடைத்தால் இறால் வரவு நிற்கும், படகுகள் கடலுக்குப் போக இயலாது. முகத்துவாரம் திறந்திருப்பதே இம்மக்களின் வாழ்வு.

மீனவர் இங்கே 'பாடு' என்றொரு முறையை வைத்துள்ளனர். நல்ல மீன்பிடி இடங்களை ஒருவரே எந்நாளும் பிடித்துக்கொள்ளாதபடி, கிராமங்களும் குடும்பங்களும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவற்றோடு, அன்னையின் பெயரைத் தாங்கிய நடூர் மாதாக்குப்பமும் இதில் சேர்ந்தது. வலை வீசும் முறையில் மத வேறுபாடு இல்லை. ஆயினும் பாடு உரிமை பரம்பரையாய் வருவது. அவ்வுரிமை இல்லாத தலித் மக்களும் இருளரும் ஓரத்து நீரில் கையால் இறால் தடவிப் பிழைக்கின்றனர். பகிர்வு நல்லது, அந்தப் பகிர்வுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்பதும் நம் கடமை.

1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது ஏரியின் பெரும்பகுதி அங்கே சென்றது. மீனுக்கு எல்லை தெரியாது. ஆரம்பாக்கம் பக்கத்து மீனவருக்கு மட்டும் எல்லைச் சச்சரவு ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளிப் பகுதியில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் பெருகியுள்ளன. கரை அரிக்குமோ, ஏரி கெடுமோ என்ற அச்சம் மீனவரிடம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் சம்பளம் வாங்கும் குடும்பங்களும் நம் பங்குகளில் உள்ளன. ஆகவே 'தொழில் வேண்டாம்' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒருவரின் பிழைப்பு மற்றவரின் தண்ணீரைக் கெடுக்கலாகாது என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த சுற்றுமடலில், பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்தே கேட்கும்படி நம்மைப் பணித்தார்.

இயேசு தம் முதல் சீடர்களை அழைத்ததும் ஓர் ஏரிக்கரையில்தான். அடுத்த முறை மகிமை மாதாவைத் தரிசிக்கச் செல்லும்போது, மெழுகுதிரி ஏற்றியதும் திரும்பிவிடாமல் சற்றே முகத்துவாரம் வரை நடப்போம். அங்கே வலை உலர்த்துகிறவரிடம், 'இந்த வருடம் தண்ணீர் எப்படி?' என்று கேட்போம். அவர் சொல்லும் பதிலை நம் மன்றாட்டாக்கி அன்னையிடம் ஒப்படைப்போம்.