கொட்டகையும் பழம்படமும்: வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் திரைப்பட ரசனை வளர்ந்த வரலாறு

புதுவைப் பிரதேசத்தில் சினிமாவின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நகரத்துத் தியேட்டர்களின் வாசலிலிருந்தே தொடங்குகின்றனர். கட்டடம் இருந்தால் ஆண்டு கிடைக்கும், ஆண்டு கிடைத்தால் ஆவணம் கிடைக்கும் என்னும் சௌகரியமே அதற்குக் காரணம். ஆனால் வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையே, வயல்கள் சூழ்ந்த கரிக்கலாம்பாக்கத்தைப் போன்ற ஒரு கிராமத்தில் நின்று அதே விஷயத்தை நோக்குவோமாயின், நிலையான தியேட்டரைவிட நடமாடும் கொட்டகைக்கும், புதுப்படத்தைவிடப் பழம்படத்துக்குமே அங்கு மதிப்பு மிகுதி என்பது புலனாகும். நகரவாசிகள் இன்று உயர்ந்த ரசனையென்று பாராட்டிக்கொள்கிற வழக்கம், அதாவது பழைய படங்களைத் திரும்பத் திரும்பத் திரையில் கண்டு மகிழும் வழக்கம், கிராமத்தில்தான், அதுவும் வேறு வழியில்லாமையால், முதலில் வேரூன்றியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தமிழ்நாட்டு ஊர்களுக்குச் சலனப்படம் சென்ற பாதையைத் திறந்தவர்களுள் ஒரு பிரெஞ்சுக்காரரும் உண்டு. டுபான் என்ற அவர் ஊர் ஊராகப் படம் காட்டிவந்தவர். திருச்சிராப்பள்ளியில் நோயுற்றுத் தொழிலைத் தொடர இயலாமற்போன நிலையில், அங்கே ரயில்வே உத்தியோகத்திலிருந்த கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் 1905இல் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தைத் துறந்து, கூடாரத்தோடு புறப்பட்டுவிட்டார். இயேசுநாதர் சரித்திரத்தைக் காட்டும் படம் அச்சுருள்களுள் முக்கியமானது. 1914 அளவில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டும் வரையில், சந்தையும் திருவிழாவும் கூடும் ஊர்களே அவருடைய தியேட்டர். திருக்காமீசுவரர் தேருக்கும் லூர்து மாதா திருவிழாவுக்கும் ஒருசேரக் கூட்டம் திரளும் வில்லியனூரைப் போன்ற ஓர் ஊர், இத்தகைய தொழில்முறைக்கு எவ்வளவு ஏற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊமைப்படம் என்ற பெயரைக் கேட்டு அக்காலத்துக் காட்சி மௌனமாக நடந்ததென்று எண்ணுவோர் ஏமாறுவர். திரையின் ஓரமாக ஒருவர் நின்றுகொண்டு, எழுதப்படிக்கத் தெரியாத ஜனங்களுக்காகத் திரையில் தோன்றும் வாசகங்களை உரக்கப் படிப்பார், கதையைச் சொல்வார், வில்லனை வைவார், கதாநாயகி அழும்போது தாமும் குரலை நடுங்கவிடுவார். ஆர்மோனியமும் தபலாவும் துணைபோகும். கருவியைக் கையால் சுழற்றியவர், சண்டைக் காட்சியில் சற்று விரைவாகவும் சோகக் காட்சியில் மெதுவாகவும் சுழற்றக்கூடும். ஆதலால் ஒரே படம் இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக ஓடியிருக்க இடமுண்டு. திரைக்கருகே நின்ற அந்த விளக்குநரை ஆய்வாளர் சிலர் மேனாட்டுச் சரக்காகக் கருதுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. திரௌபதியம்மன் விழாவில் பாரதம் கேட்டும், விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தும் பழகிய இப்பகுதி மக்களுக்கு, வேஷக்காரர்களை அறிமுகப்படுத்தி, இடையிடையே கதையை அவிழ்த்து, சபையைச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் புதியவனல்லன். அவன் தன் கோமாளிக் குல்லாயைக் கழற்றிவிட்டுத் திரையருகே வந்து நின்றான் என்றே கொள்ளலாம்.

பாரதக் கதையே இத்தொடர்ச்சிக்கு மற்றொரு சான்று. மோட்டார் உதிரிப்பாக வியாபாரியாயிருந்த ஆர். நடராஜ முதலியார் 1917-18 அளவில் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் ‘கீசக வதம்’. விராட பருவத்தில் வரும் அக்கதை கிராமத்துச் சிறுவனுக்கும் தெரிந்தது. விளக்குவோர் ஒருவரும் இல்லாவிடினும் விளங்கக்கூடியது. 1921இல் கோஹினூர் கம்பெனி எடுத்த ‘பக்த விதுரர்’ படத்துக்கோ, விதுரரின் தோற்றம் காந்தியடிகளை நினைவூட்டுகிறதென்று அஞ்சிச் சென்னை மாகாணத்தில் தடைவிதித்தார்கள். இங்கே ஒரு விநோதம் உண்டு. படத் தணிக்கைக்கு வழிசெய்த 1918ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராப் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது; பிரெஞ்சிந்தியாவின் கொம்யூன்களுக்கு அது செல்லாது. பாகூர் கொம்யூனிலிருந்து தெற்கே சிறிது தூரம் நடந்தால் கடலூர்ச் சீமை, ஆங்கிலேயர் சட்டம். வடக்கே திரும்பினால் பிரெஞ்சுச் சட்டம். ஆயினும் படப்பெட்டி பெரும்பாலும் சென்னையிலிருந்தே வரவேண்டியிருந்திருக்கும். எல்லைக்கு அப்பால் கத்தரிக்கப்பட்ட சுருளையே எல்லைக்கு இப்பாலும் பார்த்திருப்பார்கள் என்று அனுமானிப்பது தவறாகாது.

1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. திரையருகே நின்றவருக்கு வேலை போயிற்று. கொட்டகை மட்டும் டூரிங் டாக்கீஸ் என்ற பெயரோடு மேலும் அரை நூற்றாண்டு நிலைத்தது. அறுவடை முடிந்த நிலமோ ஊர்ப்பொதுத் திடலோ கிடைத்தால் போதும். கூரையும் கீற்றுத் தடுப்பும் எழும்பிவிடும். தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார். முன்னால் இருப்பவர் தம் மேட்டை இன்னும் உயர்த்தினால் சண்டை மூளும். பெண்கள் ஒருபுறம், ஆண்கள் மறுபுறம். ஒற்றைப் புரொஜெக்டர் ஆகையால் சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை; அந்த இடைவேளைகளில் முறுக்கும் சோடாவும் விற்று வந்த லாபம் டிக்கெட்டு வருமானத்துக்குச் சளைத்ததன்று என்பர்.

விநியோகஸ்தர் கணக்கில் இத்தகைய ஊர்கள் ‘சி சென்டர்’. நகரில் ஓடி, சிற்றூர்த் தியேட்டர்களில் ஓடி, வசூல் வற்றிய பிறகே பெட்டி இங்கு வரும். அதற்குள் சுருளெங்கும் கீறல் விழுந்து திரையில் மழை பொழியும். புதுப்படத்துக்குக் கேட்கும் வாடகை கட்டுபடியாகாத கொட்டகைக்காரர் ஐந்தாண்டு, பத்தாண்டு முந்திய படங்களையே மாற்றி மாற்றிப் போட்டார். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்து, கொடி மாறிய பின்னரும் இந்த முறை மாறவில்லை. இவ்வாறு பழம்படத்தை வாழவைத்த கொட்டகையே அதன் பிரதியைத் தேய்த்துத் தீர்த்தது என்பதையும் மறைக்கலாகாது. அதற்கும் முன்னே ஊமைப்படங்களின் கதி முடிந்துவிட்டது: எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தும், மட்கியும், வெள்ளிக்காக உருக்கப்பட்டும் போக, தென்னிந்தியாவில் தயாரானவற்றுள் இன்று எஞ்சியிருப்பது பி. வி. ராவ் இயக்கிய ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றே. அது 1964இல் நிறுவப்பட்ட புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ‘கீசக வத’த்தின் சுருள் கிடைக்கவில்லை.

தொலைக்காட்சி பரவியதும் டூரிங் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. அதன் பின்னரே, பழம்படம் நகரத்தின் கண்ணில் அரும்பொருளாயிற்று. 1964 பொங்கலுக்கு ‘வேட்டைக்காரன்’ படத்தோடு போட்டியிட்டு எதிர்பார்த்த அளவு ஓடாத பந்துலுவின் ‘கர்ணன்’, டிஜிட்டல் முறையில் புதுக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் வெளியாகிச் சென்னையில் 100 நாட்களைக் கடந்தது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014இல் அதனைப் பின்பற்றியது. பத்திரிகைகள் வியந்தன. தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்று தெரிந்தே, ‘கர்ண மோட்சம்’ கூத்தை ஆண்டுதோறும் விடியும்வரை பார்க்கிற ஊர்க்காரர் வியந்திருக்க நியாயமில்லை. தெரிந்த கதையைத் தெரிந்தே பார்ப்பது அவருக்குப் பரம்பரை வழக்கம். ஆனால் இம்முறை சுருளும் இல்லை, பெட்டியும் இல்லை; தேய்ந்த பிரதி கடைசியாக வந்திறங்கும் ‘சி சென்டர்’ என்ற ஏற்பாடே ஒழிந்துபோனமையால், கரிக்கலாம்பாக்கத்துக்காரர் ‘கர்ண’னைத் திரையில் காணவேண்டுமானால் பஸ் ஏறிப் புதுவைக்கோ கடலூருக்கோதான் போகவேண்டியிருந்தது.