செயலி மேம்பாடு (விளையாட்டுக் கணினி)

விளையாட்டுக் கணினியின் பழைய செயலியை (சிபியு) எடுத்துவிட்டு வேகமானதைப் பொருத்துதல். காட்சித் தெளிவைக் குறைத்தும் வேகம் கூடாமல், கிராஃபிக்ஸ் கார்டு பாதி வேலையோடு காத்துக் கிடந்தால் முட்டுக்கட்டை பெரும்பாலும் செயலிதான். மாற்ற வேண்டிய நேரம் அது.

மதர்போர்டும் மாறவேண்டுமா என்பதைச் செயலி அமரும் சாக்கெட் தீர்மானிக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 இதில் அருமையான எடுத்துக்காட்டு: 2017இல் முதல் ரைசன் செயலியோடு வாங்கிய பல போர்டுகள், பயாஸைப் புதுப்பித்ததும், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை ஏற்றன. அதன் பலம் 96 எம்பி எல்3 கேஷ். அதே 2022இல் இலங்கையில் டாலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. இறக்குமதிப் பாகங்கள் அப்படி விலையேறும்போது, அங்கே வங்காலை போன்ற ஊரில் இருப்பவருக்குப் போர்டும் ரேமும் மிஞ்சுவது பெரிய ஆறுதல்.

பயாஸைப் பழைய செயலி இருக்கும்போதே புதுப்பிக்க வேண்டும். ஏஎம்4இல் கூலரை வெடுக்கென இழுத்தால் செயலியும் ஒட்டிக்கொண்டு வந்து, அடியிலுள்ள ஊசிகள் வளையக்கூடும். கணினியைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, இடையிலுள்ள வெப்பப் பேஸ்ட் இளகியதும் கூலரை மெல்லத் திருகி எடுப்பதே முறை.